கிரேன் டிரைவரின் பத்தியம்

ராயபுரம்
19-2-1969, விபூதிப் புதன்

ஃப்ளோரன்சுக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் நல்ல சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் துறைமுக டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. நீ ஹில்டாவின் பிரசவத்துக்குப் பொன்மலை போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் இப்படி ஒரு வம்பு.

இன்று வருஷாந்திரப் பரிசோதனை. காலைப் பூசையில் பூசிய சாம்பலோடு போய் நின்றேன். கையில் பட்டையைக் கட்டி அமுக்கினார். நம்பாமல் மறுபடி அமுக்கினார். பிறகு தராசில் ஏற்றினார். "பாஸ்கல், பிரஷர் ஏகத்துக்கு இருக்கு. இந்த உடம்போட உங்களை எப்படி அவ்வளவு உயரத்துக்கு அனுப்புறது? மேல மயக்கம் வந்தா உங்களோட போகாது, கீழ நிக்கிறவன் தலையிலயும் மூட்டை விழும்" என்றார். ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை மறுபடி பார்ப்பாராம். அதுவரை ஏறலாம், தலை சுற்றினால் உடனே இறங்கிவிட வேண்டுமாம். ஆறு கிலோ குறைந்து பிரஷரும் இறங்கியிருந்தால் கிரேன். இல்லையென்றால் கேட்டில் உட்கார்ந்து டோக்கன் வாங்கிப் போடும் வேலை.

"வீட்ல யார் சமைக்கிறா?" என்று கேட்டார். "என் சம்சாரம் சார்" என்றேன். "நல்லா சமைப்பாங்களோ?" என்றார். "ராயபுரத்துலயே அப்படி ஒரு கை கிடையாது சார்" என்றேன். "அதான் தெரியுதே" என்று என் வயிற்றைப் பார்த்தார்.

உப்பு பாதி, எண்ணெய் கால்வாசி, வறுத்தது பொரித்தது கூடவே கூடாது, கருவாடு ஊறுகாய் கண்ணில் படக் கூடாது என்று உத்தரவு. இதையெல்லாம் விட்டால் நான் எதைத் தின்பது?

உனக்கே தெரியும், மேலே ஏறி உட்கார்ந்தால்தான் எனக்கு மூச்சு வரும். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் நம் கோயில் கோபுரம், அதற்குப் பக்கத்தில் மொட்டை மாடிக் கொடியில் நீ காயப்போடும் புடவை. கேட்டில் உட்கார்ந்தால் லாரிச் சக்கரம்தான் தெரியும். என்னைக் கீழே இறக்கினால் நான் செத்தேன் என்று வைத்துக்கொள்.

ஹில்டாவை மாடிப்படி ஏற விடாதே. மாப்பிள்ளை ஹென்றியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
பாஸ்கல்


பொன்மலை
23-2-1969

ஹில்டா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஒரு தடவை படித்து அழுதேன். இரண்டாம் தடவை படித்தபோது கோபம்தான் வந்தது.

யார் சமைக்கிறது என்று கேட்டால் என் பெயரைச் சொல்ல உங்களுக்கு எப்படி வாய் வந்தது? ஒரு துண்டு மீன் வைத்தால் "இன்னொன்னு கீதா?" என்று கேட்டது யார்? சாயங்காலம் டீக்கு பஜ்ஜி இல்லாவிட்டால் கோவித்துக்கொண்டு கடைக்குப் போனது யார்? தின்றது நீங்கள், கெட்ட பெயர் எனக்கு. இனி அந்த டாக்டர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

கவனமாகக் கேளுங்கள். ஊறுகாய் ஜாடியையும் கருவாட்டு டப்பாவையும் பக்கத்து வீட்டு ராஜாத்தியிடம் இன்றைக்கே கொடுத்துவிடுங்கள். நாளைக்கு என்றால் அதற்குள் பாதி காலியாகிவிடும். குழம்புக்குத் தேங்காய் அரைக்காதீர்கள், தக்காளியும் புளியும் போதும். மீனை மசாலா தடவி வாழையிலையில் கட்டி, காய்ந்த தோசைக்கல்லில் போட்டு மூடி வையுங்கள். எண்ணெய் வேண்டாம், அதுவே வேகும்.

விபூதிப் புதனன்று டாக்டர் சொன்னதும் நல்லதற்குத்தான். ஈஸ்டர் வரை தவசு காலம்தானே. இதையே ஒருசந்தி நோன்பாக நினைத்துக்கொள்ளுங்கள். டாக்டருக்குப் பயப்படாவிட்டாலும் ஆண்டவருக்குப் பயப்படுவீர்கள்.

ஹில்டாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது. ஜெபம் பண்ணுங்கள்.

இப்படிக்கு,
ஃப்ளோரன்ஸ்


ராயபுரம்
9-3-1969, ஞாயிறு

ஃப்ளோரன்சுக்கு,

நீ சொன்னபடியே ஒருசந்தி பிடித்துவிட்டேன். உன் மேல் ஆணை, இத்தனை நாளும் சுத்தபோசனம். ஆடு, மாடு, கோழி எதையும் தொடவில்லை. கறிக்கடைப் பக்கம் போனால் எதிர்ச்சாரியில் நடக்கிறேன். சாமியாரே என்னைப் பார்த்து, "பாஸ்கல், இந்த வருஷம் ரொம்ப பக்தி" என்றார்.

ஆனால் ஒரு அதிசயம் கேள். நேற்று ராயபுரம் ஸ்டேஷனில் காசு போட்டு எடை பார்த்தேன். குறையவில்லை, கூடியிருக்கிறது! மெஷின் கோளாறு என்று நினைத்து இன்னொரு காசு போட்டேன். அதே எடைதான். சீட்டின் பின்பக்கத்தில் 'நீங்கள் விரைவில் உயர்ந்த நிலையை அடைவீர்கள்' என்று அச்சடித்திருக்கிறது. கிரேனைத்தான் சொல்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

எனக்குக் காரணமே விளங்கவில்லை. காலையில் இட்லியும் நெத்திலி வறுவலும். மத்தியானம் சோறு, வஞ்சிரம் நாலு துண்டு மொறுமொறுவென்று. ராத்திரிக்கு இறா வடை. கறி என்று ஒன்றுமே இல்லை. ஞாயிறு மட்டும் மஜீது வீட்டில் அவன் சம்சாரம் ஜெரினா போடும் பிரியாணி. ஞாயிறுதான் தவசு காலத்து நாற்பது நாள் கணக்கில் சேராதே. அதைச் சாமியாரே பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார்.

மஜீது என்னோடு எத்தனை வருஷமாகக் கீழே நின்று கையைக் காட்டி சிக்னல் கொடுக்கிறவன். அவன்கூடச் சிரிக்கிறான். "இன்னா மாமு, எங்க நோன்புன்னா பகல்ல எச்சிகூட முழுங்க மாட்டோம். உங்க நோன்புல இன்னான்னா கடல்ல மீனே இல்லாம பண்ணிக்கினு கீற!" என்கிறான். மீன் சுத்தபோசனத்தில் சேரும் என்று அவனுக்கு யார் சொல்வது?

உன்,
பாஸ்கல்


பொன்மலை
12-3-1969

ஹில்டா அப்பாவுக்கு,

முதலில் நல்ல சேதி. திங்கட்கிழமை விடியற்காலை ஹில்டாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. சுகப்பிரசவம். தாயும் பிள்ளையும் நலம். தலை நிறைய முடி, மூக்கு உங்கள் மூக்கு, பாவம்.

இப்போது உங்கள் விஷயம். கடிதத்தை ரயில்வே ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து படித்தேன். நான் தலையில் அடித்துக்கொண்டதைப் பார்த்து நர்ஸ் ஓடி வந்து, "என்னம்மா, கெட்ட சேதியா?" என்றாள். "என் வீட்டுக்காரர் ஒருசந்தி இருக்கிறார்" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

மீன் சுத்தபோசனம்தான். அந்த மீன் குளித்துவிட்டு வருகிற எண்ணெயும் சுத்தபோசனமா? ஞாயிற்றுக்கிழமையைச் சாமியார் கணக்கில் விடலாம், உங்கள் வயிறு விடுமா? ஆண்டவர் மனசைப் பார்ப்பார், டாக்டர் தராசைத்தான் பார்ப்பார். ஒருசந்தி என்று நானே சொல்லிக்கொடுத்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

இனிமேல் ஒருசந்தி கிடையாது. பத்தியம். பிள்ளை பெற்றவளுக்கு நான் இங்கே என்ன வடித்துக் கொட்டுகிறேனோ, அதையேதான் நீங்களும் அங்கே சாப்பிட வேண்டும். பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், முருங்கைக்கீரை, அவித்த காய். சுறாப்புட்டு உங்களுக்கு உயிராயிற்றே, அதையும் தருகிறேன், அழ வேண்டாம். ஆனால் முன்பு மாதிரிக் கரண்டி கரண்டியாக எண்ணெய் ஊற்றி வறுக்கிற புட்டு இல்லை. காசிமேட்டில் பால் சுறாவாகப் பார்த்து வாங்குங்கள். மஞ்சள் போட்டு அவித்து, உதிர்த்து, பிழிந்து வையுங்கள். ஒரே ஒரு ஸ்பூன் எண்ணெயில் சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய் வதக்கி, புட்டைப் போட்டுக் கிளறி இறக்குங்கள். உப்புக்கு ஏங்கினால் எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்ளுங்கள்.

ஈஸ்டருக்கு இன்னும் நாள் இருக்கிறது. நாசமாக்காதீர்கள்.

ஃப்ளோரன்ஸ்


ராயபுரம்
20-3-1969

தாத்தாவானவன் எழுதுவது,

பேத்தி பிறந்த சேதியை மஜீதிடம் சொன்னேன். சொன்னவன் அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். பத்தியத்தையும் சொல்லித் தொலைத்தேன். மறுநாள் நான் டிபன் கேரியரைத் திறந்து பூண்டுக் குழம்பு வாசம் வந்ததும், கப்பல் நிற்கும் வார்ஃபில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைச் சுற்றி நின்றுவிட்டார்கள். "இன்னா மாமு, எத்தினி மாசம்?" என்றான் மஜீது. இன்னொருவன், "ஏணில பாத்து ஏறு மாமு, பச்சை ஒடம்பு" என்றான். கப்பல்காரன்கூட எட்டிப் பார்த்துச் சிரித்தான், அவனுக்கு என்ன புரிந்ததோ.

சுறாப்புட்டு முதல் தடவை மோசம். தோலை உரிக்க வேண்டும் என்று நீ எழுதவில்லை. வாயில் வைத்தால் காசிமேட்டு மணலை அள்ளித் தின்ற மாதிரி இருந்தது. மறுநாள் உரித்துச் செய்தேன். ஃப்ளோரன்ஸ், நிஜமாகவே புட்டு வந்தது! சட்டியை வழித்துச் சாப்பிட்டேன்.

வாழையிலை மீனும் முதல் நாள் கருகிப் போயிற்று. புகையைப் பார்த்துவிட்டு ராஜாத்தி ஒரு குடம் தண்ணீரோடு ஓடி வந்தாள். "இன்னாண்ணா, வூட்டைக் கொளுத்திக்கினு கீறியா?" என்று கத்தி, அடுப்பைத் தணித்துக் காட்டிவிட்டுப் போனாள். அவள் நல்லவள்தான், ஆனால் உன் கருவாட்டைத் தினமும் வறுத்து வாசனையை இந்தப் பக்கம் அனுப்புகிறாள். அது பெரிய சிலுவை.

கடைசியாக, நானே கண்டுபிடித்தது ஒன்று. சாயங்காலம் நாலு மணி ஆனால் கால் தானாக பஜ்ஜிக் கடைப் பக்கம் போகிறது. உன் பணியாரச் சட்டி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. உருளைக்கிழங்கு மசாலாவை உருட்டி, கடலை மாவில் முக்கி, ஒவ்வொரு குழியிலும் ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் போட்டேன். திருப்பித் திருப்பி விட்டால் மசால் போண்டா! வார்ஃபுக்கு எடுத்துப் போனேன், நிமிஷத்தில் காலி. மஜீது விரலைப் பார்த்துவிட்டு, "மாமு, எண்ணெயே ஒட்டலியே, இன்னா மேஜிக்கு?" என்றான்.

எடை இறங்க ஆரம்பித்துவிட்டது. ஏணியில் நடுவில் நின்று மூச்சு வாங்குவதில்லை. இத்தனை வருஷம் எண்ணெயிலேயே ஊறிக் கிடந்திருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது. இனி நீ வந்தாலும் அடுப்படி என்னுடையதுதான், போ!

உன்,
பாஸ்கல்


பொன்மலை
24-3-1969

ஹில்டா அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. சந்தோஷம்.

அடுப்படி உங்களுடையது என்று எழுதியிருந்தீர்கள். நல்லது. மாப்பிள்ளை என்னை ஜூன் வரை இருக்கச் சொல்கிறார். அங்கே என்னால் ஆக வேண்டியது ஒன்றும் இல்லாததால் இருக்கலாம் என்று பார்க்கிறேன்.

குழந்தை பால் குடிக்கிறது.

ஃப்ளோரன்ஸ்


ராயபுரம்
27-3-1969

என் ஃப்ளோரன்சுக்கு,

உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கமும் ஒன்றுமில்லை. நீ இரண்டு பக்கம் திட்டினால் எனக்குப் பயமில்லை. நாலு வரி எழுதினால்தான் பயம்.

நான் என்ன எழுதினேன் என்று யோசித்தேன். விளங்கவில்லை. மஜீதிடம் கேட்டேன். "போண்டா வந்திச்சின்னு சொன்னியே, அக்கா இல்லாம வூடு வூடா இல்லன்னு சொன்னியா?" என்றான். சொல்லவில்லை. அது உனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

ஆகவே இப்போது சொல்கிறேன். புட்டு வருகிறது, மீன் வருகிறது, போண்டாவும் வருகிறது. தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் எதிரில் சுவர். "இன்னும் கொஞ்சம்" என்று கேட்டால் "போதும், எழுந்திருங்க" என்று சொல்ல ஆளில்லை. என் சமையலை நானே ருசி பார்த்து நானே மெச்சிக்கொள்கிறேன், பைத்தியக்காரன் மாதிரி. காலையில் கிரேனில் ஏறியதும் கண் தானாக நம் மொட்டை மாடிக்குப் போகிறது. கொடியில் என் காக்கிச் சட்டை மட்டும் ஆடுகிறது. அதைப் பார்க்கவா நான் அவ்வளவு உயரம் ஏறுகிறேன்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. எடை இறங்கினாலும் பிரஷர் இறங்கியதா என்று அந்த மெஷினுக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை கீழே போ என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன்? ஈஸ்டருக்கு வந்துவிடு. ஈஸ்டர் அன்று உன் பன்றிக்கறி விண்டாலு இல்லாமல் நான் சாப்பிட்டதே இல்லை. விண்டாலு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வந்து என்னைத் திட்டு.

அடுப்படி உன்னுடையது. நான் வெறும் கையாள்.

உன்,
பாஸ்கல்


பொன்மலை
1-4-1969

ஹில்டா அப்பாவுக்கு,

என் கடிதம் உங்களைக் கலக்கியது தெரிந்து கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை.

ஹில்டாவிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "அப்பா சமைக்கக் கத்துக்கிட்டா உனக்கு ஓய்வுதானேம்மா?" என்றாள். "எனக்கு யாருடி ஓய்வு கேட்டது?" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே என் மனசு தெரிந்தது. மற்றவர்கள் வாயால் ஆசையாகப் பேசுவார்கள். எனக்கு அது வராது. நான் எண்ணெயை இன்னொரு கரண்டி ஊற்றுவேன். அது உங்களுக்கே ஆகாது என்று டாக்டர் சொன்னால் எனக்கு வலிக்காதா?

ஆனால் இங்கே பத்தியச் சாப்பாடு போட்டுப் போட்டு ஒன்று புரிந்துகொண்டேன். எண்ணெய் இல்லாமல் ஆக்கியதை ஹில்டா ருசித்துத் தின்கிறாள். அவளோடு சாப்பிட்டு எனக்கும் மூட்டு வலி குறைந்திருக்கிறது. அன்பைக் கொஞ்சம் மெலிதாகவும் சமைக்கலாம் போலிருக்கிறது.

ஈஸ்டருக்கு என்னால் வர முடியாது. அன்று சாயங்காலம் குழந்தைக்கு ஞானஸ்நானம். எல்சி என்று பெயர் வைக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை காலையே நீங்கள் டாக்டரிடம் போக வேண்டும் என்பதால் நீங்களும் இங்கே ஓடி வர வேண்டாம். ஆனால் விண்டாலு இல்லாத ஈஸ்டர் உங்களுக்கு வேண்டாம். ஆகவே சொல்கிறேன். இதை நான் என் கூடப்பிறந்தவளுக்கே சொன்னதில்லை. ராஜாத்தி கேட்டபோது கடுகு சேர்ப்பதை வேண்டுமென்றே மறைத்துவிட்டேன்.

பன்றிக்கறி இந்த வருஷம் வேண்டாம். நாட்டுக்கோழி வாங்கித் தோலை உரிக்கச் சொல்லுங்கள். காய்ந்த மிளகாய், பூண்டு, இஞ்சி, சீரகம், கொஞ்சம் கடுகு, எல்லாவற்றையும் தண்ணீர் விடாமல் வினிகரிலேயே அரையுங்கள். இதுதான் சூட்சுமம், தண்ணீர் பட்டால் போயிற்று. பெரிய சனிக்கிழமை சாயங்காலமே தடவி ஊற வைத்துவிடுங்கள். ஞாயிறு காலை பூசை முடிந்து வந்து, எண்ணெய் ஊற்றாமல், மூடி போட்டு, அதன் தண்ணீரிலேயே சின்ன தீயில் வேக விடுங்கள். வினிகர் இருப்பதால் உப்புக் குறைந்தது நாக்குக்குத் தெரியாது.

மூன்று துண்டு. நாலாவதுக்குக் கை போனால், எதிர்ச் சுவரில் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள். போதும், எழுந்திருங்க.

உங்கள்,
ஃப்ளோரன்ஸ்


ராயபுரம்
8-4-1969, செவ்வாய்

என் ஃப்ளோரன்சுக்கு,

முடிவைக் கடைசியில்தான் சொல்வேன். நீ கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிறவள் என்பதால் இரண்டு பக்கமும் நுணுக்கி எழுதியிருக்கிறேன். தேடிக்கொள்.

விண்டாலு வந்தது. மூடியைத் திறந்ததும் வாசனை ராஜாத்தி வீட்டுக்குப் போய், அவள் கிண்ணத்தோடு இங்கே வந்துவிட்டாள். "ஃப்ளோரன்ஸ் அக்கா எப்ப வந்துச்சி?" என்று உள்ளே எட்டிப் பார்த்தாள். நீ வரவில்லை என்றால் நம்பவில்லை. மஜீது வீட்டுக்கு ஒரு பாத்திரம் அனுப்பினேன். மூன்று துண்டு சாப்பிட்டேன். நாலாவதுக்குக் கை போயிற்று. சுவரைப் பார்த்தேன். எழுந்துவிட்டேன்.

இன்று காலை துறைமுக ஆஸ்பத்திரிப் படியைக் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினேன், அவ்வளவு பயம். மஜீது கூடவே வந்து வெளியில் நின்றான். தராசில் ஏறினேன். "ஆறு கேட்டேன், அஞ்சுதான் கொண்டாந்திருக்கீங்க" என்றார். என் உயிர் போயிற்று. பிறகு கையில் பட்டையைக் கட்டினார். அமுக்கினார். முன்பு மாதிரியே நம்பாமல் மறுபடி அமுக்கினார். நான் கண்ணை மூடி அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டிருந்தேன். "கண்ணைத் திறங்க பாஸ்கல். பிரஷர் நல்லா இறங்கிடுச்சு. போய் கிரேன்ல ஏறுங்க. மிச்ச ஒரு கிலோவை அடுத்த மாசம் கொடுங்க" என்றார்.

அழுதேன் ஃப்ளோரன்ஸ். அவருக்கு முன்னாலேயே.

அவர் சிரித்துவிட்டு, "இவ்வளவு சீக்கிரத்துல யாரும் இப்படி இறக்கிப் பார்த்ததில்லை. வீட்ல யார் சமைக்கிறா?" என்று கேட்டார்.

அதே கேள்வி. மாவு முக்கியது என் கை, இலை கட்டியது என் கை, சுட்டுக்கொண்டதும் என் கைதான். ஆனால் யோசிக்காமலே வாயில் வந்துவிட்டது. "என் சம்சாரம் சார்" என்றேன். அவர் எழுந்து நின்று, "அந்த அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டேன்.

வெளியே வந்ததும் மஜீது என் முகத்தைப் பார்த்துவிட்டு வார்ஃப் முழுக்கக் கேட்கிற மாதிரி, "நம்ம மாமுக்கு சுகப்பிரசவம்டா!" என்று கத்தினான்.

இப்போது கிரேன் மேலே உட்கார்ந்துதான் இந்த முடிவு வரிகளை எழுதுகிறேன். சாப்பாட்டு நேரம். காற்று நன்றாக இருக்கிறது. கொடியில் என் காக்கிச் சட்டைதான்.

உன்,
பாஸ்கல்


பொன்மலை
11-4-1969

என் அன்பானவருக்கு,

தேடிக் கண்டுபிடித்தேன். பிறகு முதலிலிருந்து படித்தேன். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். எல்சிக்கும் படித்துக் காட்டினேன், அவள் கொட்டாவி விட்டாள்.

ஜூன் வரை இருப்பதாகச் சொன்னது கோபத்தில் சொன்னது. மாப்பிள்ளையின் அம்மா புதன்கிழமை வருகிறார்கள். நான் அடுத்த ஞாயிறு காலை எழும்பூரில் வந்து இறங்குவேன். அன்று நான் அடுப்பைத் தொட மாட்டேன். பயணக் களைப்பு. நீங்கள்தான் சமைக்க வேண்டும், சுறாப்புட்டு, தோலை உரித்து. சாயங்காலம் அந்தப் பணியாரச் சட்டி போண்டா. திங்கட்கிழமை காலையில் கிரேனில் ஏறியதும் மொட்டை மாடியைப் பாருங்கள். நீலப் புடவையைக் காயப்போட்டிருப்பேன், ஈரமில்லாவிட்டாலும்.

டாக்டரின் வணக்கம் கிடைத்தது. ஆனால் உங்களிடம் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. போன தடவை தின்றது நீங்கள், மாட்டிவிட்டது என்னை. இந்தத் தடவை சமைத்தது நீங்கள், பெயர் வாங்கிக் கொடுத்தது எனக்கு. அடுத்த மாதம் மிச்ச ஒரு கிலோவைக் கொடுக்கப் போகும்போது அவர் மறுபடி கேட்பார். அப்போதாவது உண்மையைச் சொல்லுங்கள். "வீட்டில் ரெண்டு பேர் சமைக்கிறோம் சார்" என்று சொல்லுங்கள்.

உங்கள்,
ஃப்ளோரன்ஸ்